விடுதலைக்குப் பின் முப்பத்தொரு நாட்கள்

ஏ-9 வீதியில் வவுனியாவிலிருந்து வடக்கே ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றர் வந்தால் புளியங்குளம் சந்தி. நெடுங்கேணிக்குப் போகும் வீதி இங்கேதான் பிரிகின்றது. பிற்பகல் வேளையில் யாழ்ப்பாணம் செல்லும் பஸ் ஒன்று சந்தியில் நிற்கின்றது என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு சொப்பிங் பையுடன் ஒருவர் இறங்குகின்றார். பையில் இரண்டு சாரமும் ஒரு துவாயும் சில கடதாசிகளும் உள்ளன. அனுராதபுரத்திலோ கொழும்பு மகசீன் சிறையிலோ பல வருடங்கள் இருந்துவிட்டு அவர் வருகின்றார்.

அன்று மாலை வீடு நிறையச் சனம். அழுகையும் சிரிப்பும் தேநீருமாக இரவு கழிகின்றது. மறுநாளும் சிலர் வந்து போகின்றனர். மூன்றாம் நாள் எல்லோரும் தத்தம் வயலுக்கும் கூலி வேலைக்கும் போய்விடுகின்றனர். தாய் மட்டும் அடுப்படியிலிருந்து கேட்கின்றார்: “தம்பி, சாப்பிட்டனியே?” “ஓம் அம்மா” என்று அவர் சொல்கின்றார். “இராத்திரி நித்திரை கொண்டனியே?” என்று கேட்பதற்கு எவருக்கும் தோன்றுவதில்லை. “மறியலில் குடித்த குளிசை இப்ப கையில் இருக்கோ?” என்று கேட்பவரும் இல்லை.

எம்மைப் பொறுத்தவரையில் சிறைக்கதவு திறந்த அன்றே துன்பம் முடிந்துவிடுகின்றது. ஆனால் உடல் நலத்தையும் உயிரையும் பொறுத்தவரையில் ஆபத்து மிகுந்த நாட்கள் அன்றுதான் தொடங்குகின்றன. இதை உலகின் பல நாடுகளில் ஆட்களை எண்ணிப் பார்த்து உறுதி செய்திருக்கின்றார்கள். தடுப்பால் வந்தவர்களும் மறியலால் வந்தவர்களும் இல்லாத கிராமம் வன்னியில் அரிது. ஆகவே இது எங்கள் குடும்பங்களின் உயிரோடு சம்பந்தப்பட்ட விடயமாகும்.

எண்ணிப் பார்த்த நாடுகள் சொல்வது

அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் 1999 ஆம் ஆண்டு நடுப்பகுதியிலிருந்து 2003 ஆம் ஆண்டு இறுதி வரை விடுதலையான 30,237 பேரின் விபரங்களை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களுள் 443 பேர் இறந்திருந்தனர். அதே வயதுடைய ஏனைய மக்களோடு ஒப்பிட்டபோது இவர்கள் இறக்கும் ஆபத்து மூன்றரை மடங்காக இருந்தது. விடுதலையான முதல் இரண்டு வாரங்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது அது 12 மடங்குக்கும் மேலாக இருந்தது. அளவுக்கு மீறிய போதைப்பொருள், இருதய நோய், கொலை, தற்கொலை ஆகியன முக்கிய காரணங்களாகக் காணப்பட்டன. இந்த ஆய்வு 2007 இல் வெளிவந்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விடுதலையான ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேரை ஆராய்ந்து 2006 இல் இன்னொரு ஆய்வு வெளியானது. விடுதலையாகி ஒரு வருடத்துக்குள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள் 382 பேர். அவர்களில் 79 பேர், அதாவது நூற்றுக்கு 21 பேர், முதல் 28 நாட்களுக்குள் அவ்வாறு செய்திருந்தனர். இந்த இறப்புகள் வருடம் முழுவதும் சமமாகப் பரவியிருந்தால் 28 நாட்களுக்கு நூற்றுக்கு எட்டுப் பேர்தான் வந்திருக்க வேண்டும். பொதுமக்களோடு ஒப்பிடுகையில் ஆண்களுக்கு இந்த ஆபத்து 8 மடங்காகவும் பெண்களுக்கு ஏறத்தாழ 36 மடங்காகவும் இருந்தது. சிறையிலிருந்து வரும் பெண் பிள்ளைகளை நாம் இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கு உணர்த்துகின்றது.

2024 இல் எட்டு நாடுகளின் தரவுகளை ஒன்று சேர்த்து, விடுதலையான 14 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய பெரிய ஆய்வு வெளிவந்தது. முதல் வாரமே மிக ஆபத்தான வாரம் என்பது அதிலும் தெரிய வந்தது. அந்த எட்டு நாடுகளுள் இலங்கையும் இல்லை, இந்தியாவும் இல்லை. எங்கள் பிள்ளைகளை எவரும் அவ்வாறு எண்ணிப் பார்க்கவில்லை.

எமது மண்ணில் கண்டவை

2024 மார்ச் மாதத் தொடக்கத்தில் இதே ஏ-9 வீதியால், வவுனியாவையும் புளியங்குளம் சந்தியையும் கிளிநொச்சியையும் கடந்து, ஒரு பூதவுடல் வடக்கே கொண்டு செல்லப்பட்டது. அது உடுப்பிட்டியைச் சேர்ந்த சாந்தன் என்னும் சுதேந்திரராஜாவின் உடல். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 இல் கைதான அவருக்கு 1998 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2014 இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2022 நவம்பர் 11 ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஆனால் அவர் வீட்டுக்கு வரவில்லை. வெளிநாட்டவர் என்பதால் திருச்சிராப்பள்ளி சிறை வளாகத்திலுள்ள சிறப்பு முகாமில் வைக்கப்பட்டார். அங்கே கல்லீரல் நோய் முற்றியது. சென்னை அரசு வைத்தியசாலையில் அவர் சேர்க்கப்பட்டிருந்தபோது ஊர் திரும்புவதற்கான பத்திரம் கிடைத்தது. சில நாட்களில், 2024 பெப்ரவரி 28 அன்று, 55 வயதில் அவர் இறந்தார். முப்பது வருடங்களுக்கு மேலாக மகனைக் காணக் காத்திருந்த தாயாரிடம் உயிரற்ற உடலே வந்து சேர்ந்தது.

நீதிமன்றம் விடுதலை என்று சொன்ன நாளுக்கும் அவர் இறந்த நாளுக்கும் இடையில் பதினைந்தரை மாதங்கள். நோயை எப்போது கண்டுபிடித்திருக்கலாம், எப்போது முறையான சிகிச்சை தொடங்கியிருக்கலாம் என்பவை வைத்தியர்கள் சொல்ல வேண்டியவை. ஆனால் விடுதலைக் கடதாசி ஒரு மனிதனின் உடலைச் சுகப்படுத்துவதில்லை என்பதை இந்த மரணம் எமக்குச் சொல்லிவிட்டது.

அதற்கு முன்னரும் இப்படியான இழப்புகளைக் கண்டிருக்கின்றோம். விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் துறைப் பொறுப்பாளராக இருந்த பரந்தனைச் சேர்ந்த தமிழினி, 2009 இலிருந்து சிறையிலும் பின்னர் பூந்தோட்டம் புனர்வாழ்வு நிலையத்திலும் இருந்து 2013 இல் விடுதலையானார். 2015 ஒக்ரோபர் 18 அன்று மகரகம வைத்தியசாலையில் புற்றுநோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 43.

2009 இன் பின்னர் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு என்ற பெயரில் தடுத்து வைக்கப்பட்டு, கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டனர். அவ்வாறு வந்தவர்களுள் சிலர் இளம் வயதிலேயே இறந்தபோது மக்கள் மனதில் பயம் எழுந்தது. தடுப்பில் தமக்கு ஊசி போடப்பட்டதாகச் சிலர் சொன்னார்கள். 2016 இல் இது வட மாகாண சபையிலும் பேசப்பட்டு, மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று கோரப்பட்டது. அந்தச் சந்தேகம் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் அது ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது என்பதை நாம் சிந்திக்க வேண்டும். விடுதலையானவர்கள் யார், அவர்களுள் எத்தனை பேர் இறந்தார்கள், எந்த நோயால் இறந்தார்கள் என்று வருடாவருடம் எண்ணி மக்கள் முன் வைத்திருந்தால் உண்மை எதுவோ அது தெரிந்திருக்கும். கணக்கு இல்லாத இடத்தில் பயம்தான் வளரும். அந்தப் பயத்தால் இன்றும் சிலர் ஊசி என்றாலே வைத்தியசாலைப் பக்கம் போவதில்லை. அது அவர்களது நோயை மேலும் முற்றச் செய்கின்றது.

ஆபத்து எங்கிருந்து வருகின்றது?

முதலாவது, சிகிச்சை அறுந்து போவது. சிறையில் இருந்தவருக்கு நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ வலிப்புக்கோ மனநோய்க்கோ குளிசை கிடைத்திருக்கலாம். விடுதலையாகும் நாளில் அந்தக் குளிசையும் வைத்தியக் குறிப்பும் அவரோடு வராமல் போகலாம். வந்து இரண்டு மூன்று வாரம் அவர் மருந்தில்லாமல் இருப்பார். வலிப்புக் குளிசையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னரைவிடக் கடுமையாக வரலாம். இரத்த அழுத்தக் குளிசையை விட்டால் பாரிசவாதமோ மாரடைப்போ வரலாம். வயலில் மயங்கி விழுந்த பின்னர்தான் அவருக்கு வருத்தம் இருந்ததே வீட்டாருக்குத் தெரிய வருகின்றது.

இரண்டாவது, காசநோய். இலங்கைச் சிறைகளில் இருக்க வேண்டிய தொகையைவிட மிக அதிகமானோர் அடைக்கப்பட்டு வந்துள்ளனர். அந்த இடநெருக்கடியையும் வைத்திய வசதிக் குறைவையும் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 2020 ஆம் ஆண்டுச் சிறைச்சாலை ஆய்வு விரிவாகப் பதிவு செய்துள்ளது. காற்றோட்டமில்லாத இடத்தில் நெருக்கியடித்துப் படுப்பவர்களிடையே காசநோய் இலகுவாகப் பரவும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு என்பன இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். மருந்து இலவசம். ஆனால் குறைந்தது ஆறு மாதம் ஒழுங்காக எடுக்க வேண்டும். இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும். வீட்டிலுள்ள சிறு பிள்ளைகளுக்கும் தொற்றும்.

காசநோய் வந்தால் வாழ்வு முடிந்தது என்று எண்ண வேண்டாம். தென்னாபிரிக்காவின் நெல்சன் மண்டேலா 27 வருடங்கள் சிறையில் இருந்தவர். 1988 இல் அங்கேயே அவருக்குக் காசநோய் கண்டது. காலத்தோடு கண்டுபிடித்து முழுமையாகச் சிகிச்சை செய்தார்கள். 1990 இல் விடுதலையானார், நாட்டின் சனாதிபதியானார், 2013 இல் 95 வயதில்தான் காலமானார்.

மூன்றாவது, பழைய காயமும் புதிய வேலையும். உடலில் செல் துண்டுகளோடும், முறிந்து ஒழுங்காகப் பொருந்தாத எலும்போடும் திரும்பியவர்கள் பலர். பல வருடம் நடமாட்டம் குறைந்து இருந்த உடல், வந்த கிழமையே மண்வெட்டி பிடித்து வெய்யிலில் நின்றால் தாங்காது. குடும்பத்துக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்ற ரோசத்தில் நோவுக் குளிசையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகின்றார்கள். நோவுக் குளிசையை வைத்திய ஆலோசனை இல்லாமல் நெடுநாள் விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரக நோய் ஏற்கெனவே பலரைத் தாக்கியுள்ள மாவட்டங்களுள் வவுனியாவும் ஒன்று என்பதை மறந்துவிடக் கூடாது. ஆறாத புண்ணோடு வயற் சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சலும் வரலாம்.

நான்காவது, போதை. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பதில் பயனில்லை. ஐஸ், ஹெரோயின் போன்றவற்றால் மறியலுக்குப் போய்வரும் இளைஞர்கள் இன்று வடக்கிலும் இருக்கின்றார்கள். ஹெரோயினை விட்டுச் சில மாதம் இருந்தவரின் உடல் அதைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடுகின்றது. வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு அடங்கிவிடும். அமெரிக்காவில் முதல் இரண்டு வாரத்தில் அத்தனை பேர் இறந்ததற்கு இதுவே பெரிய காரணம். கசிப்பும் நித்திரைக் குளிசையும் சேர்ந்தாலும் இதே ஆபத்து உண்டு. “வந்த சந்தோசத்துக்கு” என்று போத்தலோடு வரும் கூட்டாளிகளை முதல் மாதத்தில் படலைக்கு வெளியே நிறுத்துங்கள்.

ஒருவர் எழுப்ப எழும்பாமல், குறட்டை போன்ற சத்தத்தோடு மூச்சுத் திணறி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தால், “நல்லாய் நித்திரை கொள்ளட்டும்” என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள். அது இலவச சேவை. தேசிக்காய்த் தண்ணி, மோர் என்று வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். ஹெரோயினால் மூச்சு அடங்கியவரை மீட்கும் மாற்று மருந்து உண்டு. காலத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் முக்கியம்.

ஐந்தாவது, மனம். வெளியே வருபவர் தான் விட்டுப்போன உலகத்துக்கு வருவதில்லை. தகப்பன் இறந்திருப்பார், பிள்ளை வளர்ந்து முகம் தெரியாமல் நிற்கும், மனைவி தனியே குடும்பத்தைத் தூக்கிக் களைத்திருப்பார். ஊரில் சிலர் இரக்கத்தோடு பார்ப்பார்கள், சிலர் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். விசாரணை என்று ஆட்கள் வந்து போனால் வேலை கொடுக்கவும் பயப்படுவார்கள். பெண்ணாக இருந்தால் கதைகளுக்கும் குறைவிராது. இரவில் நித்திரையின்மை, கதவைச் சாத்திக்கொண்டு இருத்தல், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடல், சாப்பாட்டில் வெறுப்பு, “நான் இருந்து என்ன பயன்” என்ற பேச்சு என்பன அபாய அறிகுறிகள். “சாக வேணும் போல இருக்கோ?” என்று அன்போடு நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாறாக, மனதில் அடைத்து வைத்ததை வெளியே சொல்ல வழி பிறக்கும். தேசிய மனநல உதவிச் சேவையின் 1926 இலக்கத்துக்கு எவரும் பேசலாம்.

விவசாய வீடுகளுக்கு ஒரு விசேட வேண்டுகோள். 1995 அளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற வீதத்தில் தற்கொலைகள் நடந்தன. அது உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாகும். பின்னர் கடும் நச்சுத்தன்மையுள்ள பூச்சிநாசினிகளும் களைநாசினிகளும் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டதோடு அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. மக்களின் கவலைகள் அந்த வருடங்களில் குறைந்துவிடவில்லை. போர் நடந்துகொண்டுதான் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாததே பல உயிர்களைக் காத்தது. ஆகவே விடுதலையானவர் வந்த வீட்டில் மருந்துப் போத்தல்களைக் கூரை இடுக்கிலோ கட்டிலுக்குக் கீழோ வைக்க வேண்டாம். பூட்டிய பெட்டியில் வையுங்கள். அல்லது சில காலத்துக்கு அயலவரிடம் பாதுகாப்பாகக் கொடுத்து வையுங்கள்.

இடம்பெயர்ந்த குடும்பத்தின் மேலதிக பாரம்

இங்கே கூறிய ஆபத்துகள் எந்த நாட்டிலும் உள்ளவை. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இன்னொன்றும் சேர்கின்றது. அவர் பிடிபட்டபோது இருந்த வீடு வேறு, திரும்பி வரும் வீடு வேறு. புளியங்குளம் மக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997 மே 13 இல் ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கியபோது சண்டை இந்தச் சந்தியை நோக்கி வந்தது. ஊர் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்து கொட்டில் போட்டவர்கள் 2008 இல் மீண்டும் ஓட வேண்டியதாயிற்று. அதன் பின் முகாம் வாழ்க்கை. வேறு மாவட்டங்களிலிருந்து வந்து இன்னும் சொந்தக் காணிக்குப் போக முடியாமல் உறவினர் வளவில் இருப்பவர்களும் எம் வாசகர்களுள் உண்டு.

இத்தனை ஓட்டத்தில் பிறப்புப் பதிவும் காணி உறுதியும் பழைய கிளினிக் கொப்பியும் தொலைந்துவிட்டன. சிறையில் இருந்தவரிடம் அடையாள அட்டை இல்லை. பதிவு பழைய கிராமத்தில், ஆள் புதிய கிராமத்தில். அடையாள அட்டை இல்லாமல் நிவாரணப் பெயர்ப் பட்டியலிலும் ஏற முடியாது, கமநல சேவை நிலையத்திலும் ஒன்றும் பெற முடியாது. இந்த அலைச்சலில் உடம்பைக் கவனிப்பது பின்னுக்குப் போய்விடுகின்றது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் மருந்து எடுக்க, தொலைந்த பத்திரங்கள் எல்லாம் சரியாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பத்திர வேலை ஒரு பக்கம் நடக்கட்டும், வைத்தியம் முதல் நாட்களிலேயே தொடங்கட்டும்.

பிள்ளைப்பெற்ற வீட்டைப் போல

இவ்வளவையும் வாசித்துவிட்டு, “ஏழைகளாகிய நாம் என்ன செய்ய முடியும்?” என்று நீங்கள் கேட்கலாம். உண்மையில் இதைச் செய்யும் முறை எங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

ஒரு பெண் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தால் நாம் எப்படிப் பார்க்கின்றோம்? முப்பத்தொன்று கழியும் வரை பாரம் தூக்க விடுவதில்லை. சரக்கும் பத்தியக் கறியும் கொடுக்கின்றோம். இரவில் துணைக்கு ஒருவர் படுக்கின்றார். குடும்பநல மருத்துவமாது முதல் பத்து நாட்களுக்குள் வீடு தேடி வந்து தாயையும் சேயையும் பார்க்கின்றார். பிள்ளை பிறந்ததோடு ஆபத்து முடிந்துவிட்டது என்று எவரும் நினைப்பதில்லை. அதே முப்பத்தொரு நாட் கவனத்தைச் சிறையிலிருந்து வந்தவருக்கும் கொடுத்தால் மிக ஆபத்தான காலத்தை அவர் கடந்துவிடுவார்.

வருவதற்கு முன்: விடுதலைத் திகதி தெரிந்தவுடன், பார்வையிடப் போகும்போதோ கடிதத்திலோ, சட்டத்தரணி மூலமோ, என்ன வருத்தம், என்ன குளிசை என்று கேட்டு எழுதி வையுங்கள். வைத்தியக் குறிப்பையும் சில வாரத்துக்கான மருந்தையும் தரும்படி சிறை அதிகாரிகளிடம் கேளுங்கள். இது கருணையாகக் கேட்பதன்று. 2015 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட, மண்டேலாவின் பெயரைத் தாங்கிய கைதிகள் பற்றிய விதிகளில், சிகிச்சை இடையறாமல் தொடர வேண்டும் என்றும், விடுதலையாகுபவருக்கு உரிய பத்திரங்களும் உடுப்பும் ஊர் போய்ச் சேரும் வசதியும் இருக்க வேண்டும் என்றும் கூறப்பட்டுள்ளது. முடிந்தால் ஒருவர் நேரில் போய் அழைத்து வாருங்கள்.

முதல் மூன்று நாட்கள்: ஓய்வும் இலகுவான சாப்பாடும் கொடுங்கள். கொண்டு வந்த மருந்து எத்தனை நாளைக்குக் காணும் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாம் நாளுக்குள் பக்கத்து அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். மறியலால் வந்தவர் என்பதை வைத்தியரிடம் தனியே சொல்லுங்கள். வைத்தியர் அதை அறிந்தால்தான் தேட வேண்டியதைத் தேடுவார்.

முதலாம், இரண்டாம் கிழமைகள்: இரவில் தனியே விட வேண்டாம். இரத்த அழுத்தம், சீனி, சிறுநீர் என்பவற்றைப் பரிசோதித்துக் கிளினிக் கொப்பி ஒன்று திறந்துகொள்ளுங்கள். இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். பெண்களாயின் மார்பகக் கட்டி, கருப்பைக் கோளாறு பற்றி மருத்துவமாதுவிடம் கூச்சமின்றிப் பேச ஒழுங்கு செய்யுங்கள். நடந்தவற்றைத் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். அவராகச் சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

மூன்றாம், நான்காம் கிழமைகள்: காலையிலும் மாலையிலும் வெய்யில் இல்லாத வேளையில் சிறு வேலைகள் தொடங்கலாம். கோழிக்கூடு கட்டுதல், கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் விடுதல் போன்றவை போதும். கிராம அலுவலரிடம் போய் அடையாள அட்டைக்கும் பதிவுக்கும் விண்ணப்பியுங்கள். கூட ஒருவர் போவது நல்லது. பல வருடம் சொல்லச் சொல்லவே நடந்து பழகியவருக்குத் தனியே ஒரு கந்தோரில் நின்று பேசுவதே பெரிய பாரம்.

முப்பத்தோராம் நாள்: குடும்பமாக இருந்து பாருங்கள். நித்திரை வருகின்றதா, உடம்பு தேறியதா, மருந்து தொடர்கின்றதா, அடுத்த கிளினிக் எப்போது? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் அவர் கரைக்கு வந்துவிட்டார் எனலாம்.

கிராமம் செய்யக்கூடியது

இதை ஒரு தாயின் தலையில் மட்டும் சுமத்திவிட முடியாது. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து, ஒருவர் திரும்பி வந்தால் முதல் மாதத்துக்கு இரண்டு பேரைப் பொறுப்பாக வைக்கலாம். ஒருவர் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்வார். மற்றவர் கந்தோர் அலுவல்களைப் பார்ப்பார். வவுனியாவுக்குப் போய்வரும் பஸ் காசுக்கு ஆளுக்குச் சிறு தொகை சேர்க்கலாம். வயலில் அவருடைய பங்கு வேலையை அந்த மாதம் கைமாற்றாகச் செய்து கொடுக்கலாம். மாரியில் காலபோக விதைப்பு நேரத்தில் நாம் ஒருவருக்கொருவர் செய்வதுதானே இது.

இன்னொன்று, ஒரு கொப்பி. எமது கிராமத்துக்குச் சிறையிலிருந்தோ தடுப்பிலிருந்தோ வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுள் நோயாளர் எத்தனை பேர், இறந்தவர்கள் எத்தனை பேர், எந்த நோயால், வந்து எத்தனை நாளில் என்று குறித்து வைக்கலாம். பெயர்கள் வேண்டாம். பெயர்கள் தவறான கைகளுக்குப் போகக் கூடாது. எண்ணிக்கை போதும். பத்துக் கிராமங்களின் கொப்பிகளை ஒன்று சேர்த்தால், சுகாதார வைத்திய அதிகாரியிடமும் மக்கள் பிரதிநிதிகளிடமும் கொண்டுபோய், “விடுதலையாகும் ஒவ்வொருவரையும் அவருடைய ஊர் வைத்தியசாலைக்குக் கடிதத்தோடு அனுப்புங்கள்” என்று ஆதாரத்தோடு கேட்கலாம். வொஷிங்டனிலும் இங்கிலாந்திலும் உண்மை வெளியே வந்தது இவ்வாறு எண்ணிப் பார்த்ததால்தான்.

இனி ஒரு பிற்பகலில் புளியங்குளம் சந்தியிலோ உங்கள் ஊர் ஒழுங்கையிலோ அப்படி ஒருவர் சொப்பிங் பையோடு நடந்து வருவதைக் கண்டால், “எப்ப வந்தனீங்கள்?” என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். “மருந்து ஏதும் குடிக்கிறனீங்களோ? நாளைக்குக் காலமை ஆசுப்பத்திரிக்குப் போவம், நான் வாறன்” என்று சொல்லுங்கள்.